பொருள்: மேசை ஆட்டங்களில் 'என்கவுன்டர்' – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களுக்கான சொற்பட்டியலில் பகடை, நடுவர் (கதையை நடத்துபவர்), பாத்திரத் தாள், அனுபவப் புள்ளி எல்லாம் முடிந்துவிட்டன. 'என்கவுன்டர்' மட்டும் நிற்கிறது. ஒலிபெயர்த்து அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் அது காவல்துறையின் துப்பாக்கிச் சூடுதான். 'இன்றைய ஆட்டத்தில் மூன்று என்கவுன்டர்' என்றால் புதிதாக வருபவர் மூன்று சாவு என்று எடுத்துக்கொள்வார். குகையில் பூதம் எதிரே வருவதும், கோட்டை வாசலில் காவலன் மறிப்பதும், சந்தையில் மூலிகைக்காரி விலை பேசுவதும் ஆட்டத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

இதுவரை வந்தவற்றில் 'சந்திப்பு' நேரம் குறித்து வைத்துப் போவது போல ஒலிக்கிறது. 'மோதல்' சண்டையோடு நின்றுவிடுகிறது. 'நேர்வு' அலுவலகக் கோப்பிலிருந்து எழுந்து வந்தது போல இருக்கிறது.

என் பரிந்துரை: குறுக்கீடு. நடந்து போகிறவனுக்குத்தான் பூனை குறுக்கிடும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் குறுக்கிடாது. ஆட்டக்காரர் ஓர் இலக்கை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார் என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நடுவர்கள் அடிக்கடி மறப்பதும் அதைத்தான்.

——

மறு: குறுக்கீடு

ஐயா, காரணம் மிகச் சரி. சொல்லைத்தான் ஏற்கத் தயங்குகிறேன். குறுக்கிடுவது தடையாகத்தான் இருக்கும். வழி காட்டுகிறவரையும் கூலிக்கு உடன் வரக் கேட்கிறவரையும் குறுக்கீடு என்று சொல்ல நாக்கு வராது. சொல் தடையைச் சொன்னால் நடுவர் தடையை மட்டுமே எழுதுவார். 1981-இல் வந்த, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இவ்வகை ஆட்டத்தின் அடிப்படை விதிகளில், எதிரே வரும் உயிரின் மனநிலையை இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். 2 விழுந்தால் உடனே தாக்கும். 12 விழுந்தால் ஆர்வத்தோடு நட்புக் கொள்ளும். நடுவில் உள்ள எண்களில் பெரும்பாலானவை பேச்சுக்கு இடம் விடுகின்றன. அந்த 12-ஐயும் நம் சொல் தாங்க வேண்டும்.

என் பரிந்துரை எதிர்ப்பாடு. புறப்படு – புறப்பாடு, வெளிப்படு – வெளிப்பாடு, கட்டுப்படு – கட்டுப்பாடு என்ற வரிசையில் எதிர்ப்படு – எதிர்ப்பாடு. 'வழியில் எதிர்ப்பட்டார்' என்று இன்றும் சொல்கிறோம். அதில் பகையும் இல்லை, உறவும் இல்லை. வழி மட்டும் இருக்கிறது. நீங்கள் கேட்டதும் அதுதானே?

இலக்கு எங்கே கழன்று போனது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், சொல்லின் வரையறைக்கு அது தேவைப்படும். அந்த 1981 விதிகளில் நிலவறைக்குள் ஆட்ட நேரத்தில் பத்து நிமிடம் என்பது ஒரு 'முறை'. இரண்டு முறைக்கு ஒரு தடவை நடுவர் ஆறுமுகப் பகடை உருட்டுவார். 1 விழுந்தால் அலையும் உயிர் ஒன்று வரும். அனுபவப் புள்ளியில் பெரும்பங்கு, வெளியே கொண்டு வந்த புதையலிலிருந்து கிடைத்தது: ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. அலைந்து வரும் உயிரிடம் புதையல் அரிது, அதைக் கொன்று பெறும் புள்ளியும் சொற்பம். ஆகவே ஒவ்வோர் எதிர்ப்பாடும் புதையல் என்ற இலக்கிலிருந்து எதையாவது பிடுங்கியது: உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு), தீப்பந்தம், மந்திரம், நேரம். நடுவர் தனியாக எதையும் இணைக்க வேண்டியிருக்கவில்லை. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எதிரியை வெல்வதே புள்ளி பெறும் முதன்மை வழியாகிவிட்டது. அதன்பின் எதிரே வந்தது எதுவானாலும் வரவுதான். கணக்குக்குச் சரி, கதைக்கு ஏன் வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. அந்த இணைப்பை இன்று நடுவர் தன் கையால் போட வேண்டியிருக்கிறது.

——

மறு: எதிர்ப்பாடு / தலைப்பாடு

அக்கா, 'தலைப்பாடு' என்பதையும் ஒரு முறை எடைபோட்டுப் பாருங்கள். தலைப்படுதல் என்றால் எதிர்ப்படுதலும் உண்டு, ஒரு செயலில் இறங்குதலும் உண்டு, அடைதலும் உண்டு. குறள் 348 'தலைப்பட்டார் தீரத் துறந்தார்' என்பது அடைதல் என்ற பொருளில். அகப்பொருள் இலக்கணத்தில் 'இடந்தலைப்பாடு' என்றொரு துறையே இருக்கிறது: முதல் நாள் கண்ட இடத்திலேயே தலைவியைக் காணலாம் என்ற நினைப்போடு தலைவன் மறுபடியும் போய்ச் சந்திப்பது. இலக்கோடு போனவனுக்கு வாய்த்த சந்திப்புக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எங்கே கிடைக்கும்?

——

மறு: மறு: எதிர்ப்பாடு / தலைப்பாடு

தம்பி, இடந்தலைப்பாட்டை நீங்கள் நினைவூட்டியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் மேசையில் பேசிப் பாருங்கள். 'தலைப்பாட்டு அட்டவணையை எடு' என்றால் தலைப்பாகைதான் காதில் விழுகிறது. 'எதிர்ப்பாட்டு அட்டவணை', 'எதிர்ப்பாட்டுத் தொலைவு', 'நடுவர் ஓர் ஓநாய்க் கூட்டத்தை எதிர்ப்படுத்தினார்' எல்லாம் இடறாமல் வருகின்றன. எதிர்ப்பாடு 'எதிர்ப்பு' போல ஒலிக்கிறதே என்ற குறை உண்மைதான். எடுத்துக்காட்டு வாக்கியத்தில் நட்பான எதிர்ப்பாடு ஒன்றைச் சேர்த்தால் அது தீரும்.

இனி மற்றச் சொல். எதிர்ப்பாடு ஆட்டக்காரரின் இலக்கோடு சேர்கிறதா என்பதற்கு ஒரு பெயர் வேண்டும். 'இலக்கியைபு' என்று எழுதிப் பார்த்தேன். கண் அதை 'இலக்கிய' என்றே படிக்கிறது. 'தொடர்புடைமை' சரி, ஆனால் அளவில்லாதது. எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் ஏதோ தொடர்பு உண்டு. நான் வைப்பது இலக்குப்பிடி. பிடி என்றால் கை பற்றுகிற இடம், அரிவாளுக்கும் வாளிக்கும் இருப்பது போல. ஆட்டக்காரர் கை வைக்க இடம் இருந்தால் பிடி உண்டு. இல்லையென்றால் அது வெற்று எதிர்ப்பாடு.

ஓர் எடுத்துக்காட்டில் சோதிக்கிறேன். முதல் நிலையில் நான்கு பாத்திரங்கள், காட்டுப் பாதை, மூன்று ஓநாய்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளின்படி ஓர் ஓநாய்க்கு 50 அனுபவப் புள்ளி, மூன்றுக்கு 150. மூன்று முதல் ஆறு எதிரிகள் சேர்ந்து வந்தால் சண்டையின் கடுமையை அளக்க இரட்டிப்பு என்பதால் 300. முதல் நிலைப் பாத்திரத்துக்குக் 'கடினம்' என்ற வரம்பு 75, நால்வருக்கு 300. கணக்கு கச்சிதம். இருந்தும் இது வெற்று எதிர்ப்பாடு: வருகின்றன, கடிக்கின்றன, சாகின்றன. மறுநாள் காலையில் எதுவும் மாறியிருக்காது.

இப்போது இலக்கைப் பார்ப்போம். பூசாரிப் பாத்திரத்தின் இலக்கு, திருடு போன கோயில் மணியை மீட்பது. ஓநாய்களை அப்படியே விட்டு, நடுவில் ஒரு கோவேறு கழுதையை நிறுத்துங்கள், முதுகில் மூட்டையோடு. அது துள்ளும்போது மூட்டைக்குள் வெண்கலம் இடிபடும் சத்தம் கேட்கிறது. மணியின் நாக்கு அதில் இருக்கிறது. கழுதைக்கு 11 உயிர்ப்புள்ளி. ஓநாயின் ஒரு கடி சராசரி 7. இரண்டு கடியில் விழுந்துவிடும். ஆட்டக்காரர்கள் அவசரமாக முடிவெடுத்தாக வேண்டும்: கையிலிருக்கும் உலர் இறைச்சியை வீசுவதா, கழுதையைக் காப்பதா, மூட்டையை அறுத்துக்கொண்டு ஓடுவதா? எதிரி ஒன்றுகூடக் கூடவில்லை. பிடி மட்டும் வந்திருக்கிறது.

சத்தம் முதலிலேயே கேட்டாக வேண்டும். மிகப் பரவலான பிழை இங்கேதான் நடக்கிறது: எதிரியைக் கொன்றபின் சட்டைப்பையில் கடிதம் கிடைக்கச் செய்வது. தப்பி ஓடினால் கடிதம் போச்சு. பேசித் தீர்த்தாலும் போச்சு. கொன்றால் மட்டும் பரிசு. அது சண்டைக்கான கூலி, பிடி ஆகாது. எதிரே நிற்பதைப் பார்த்ததும் கேட்டதும் இலக்கு நினைவுக்கு வர வேண்டும்: கேடயத்தில் தெரிந்த முத்திரை, வாயில் வரும் ஒரு பெயர், மூட்டைச் சத்தம்.

அதேபோல் விட்டுவிட்டுப் போனாலும் ஏதாவது நடக்க வேண்டும். கழுதை செத்தால் மூட்டை புதரில் கிடக்கும். பொழுது சாயும்போது திருடர்கள் அதைத் தேடி வருவார்கள். இது எழுதப்படவில்லையென்றால் அந்த எதிர்ப்பாட்டுக்கு ஒரே முடிவுதான் இருக்கிறது, ஆட்டக்காரர்கள் அந்த ஒரே முடிவை விரைவில் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

——

மறு: இலக்குப்பிடி

இலக்குப்பிடியை ஏற்கிறேன். வரையறையில் அளவு சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லா எதிர்ப்பாட்டுக்கும் பிடி வைத்தால் உலகம் முழுவதும் நான்கு பேரைச் சுற்றியே சுழல்வது போல ஆகிவிடும், அதுவும் கெடுதல்தான். ஆறு வரி அட்டவணையில் மூன்று வரிக்கு நேரடிப் பிடி, இரண்டு வரி அந்த நிலப்பகுதியின் செய்தி, ஒன்று வெற்று. காட்டில் மான் மேயும் காட்சிக்கும் இடம் வேண்டும்.

இலக்கை எடுப்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். 'வீரனாக வேண்டும்' என்று எழுதித் தந்தால் எந்தப் பிடியும் பொருந்தாது. ஒரு வினை, ஒரு பொருள், ஒரு தடை: 'மணியை மீட்க வேண்டும், யார் வாங்கினார் என்று தெரியவில்லை' என்பது போல. ஆளுக்கு ஒரு கிட்ட இலக்கு, ஓர் எட்ட இலக்கு; நால்வருக்கு எட்டு வரி. அட்டையில் எழுதி நடுவர் முன்னால் வைத்துக்கொள்ளலாம். பிடி வைக்கும்போதெல்லாம் அந்த வரிக்கு எதிரே ஒரு கோடு. இரண்டு அமர்வுக்குப் பிறகு ஒரே ஆளின் வரியில் கோடுகள் குவிந்திருந்தால் மற்ற மூவரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். நிறைவேறிய வரியை அடித்துவிட்டுப் புதிதாகக் கேட்க வேண்டும். பழைய இலக்குக்குப் பிடி வைத்துக்கொண்டே போகும் நடுவர்கள் உண்டு.

இன்னொன்று: பாத்திரத்தின் இலக்கு வேறு, ஆட்டக்காரரின் விருப்பம் வேறு. பாத்திரம் மணியைத் தேடும். ஆட்டக்காரருக்குப் புதிர் அவிழ்ப்பதில்தான் ஆசை இருக்கும். பிடி முன்னதோடு சேர வேண்டும். எதிர்ப்பாட்டின் வடிவம் பின்னதோடு சேர வேண்டும். இரண்டையும் 'இலக்கு' என்றே எழுதினால் பட்டியல் குழப்பும். பின்னதற்கு 'நாட்டம்' என்று வைக்கலாமா?

——

மறு: மறு: இலக்குப்பிடி

நாட்டம் நன்று. குறுக்கீட்டை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எதிர்ப்பாட்டுக்குள் ஒரு வகையாக அது இருக்கட்டும், தடையாக வருவதற்கு மட்டும். பட்டியலில் ஏற்ற வேண்டிய வடிவம்:

எதிர்ப்பாடு – இலக்கு நோக்கிச் செல்லும் பாத்திரங்களின் வழியில் பகையாகவோ நட்பாகவோ இரண்டும் அல்லாமலோ வந்து நிற்கும் ஆள், உயிர் அல்லது இடர். பாத்திரங்கள் முடிவெடுத்தாக வேண்டிய இடம். 'ஆற்றங்கரை எதிர்ப்பாட்டில் படகோட்டி அவர்களை இலவசமாக அக்கரை சேர்த்தாள்.'

இலக்குப்பிடி – எதிர்ப்பாட்டில் ஒரு பாத்திரத்தின் இலக்கைத் தொடும் கூறு. முடிவெடுக்கும் முன்பே ஆட்டக்காரருக்குத் தெரிய வேண்டியது. 'ஓநாய்களுக்கு இலக்குப்பிடி இல்லை, கழுதை மூட்டையில் இருக்கிறது.'

வெற்று எதிர்ப்பாடு – இலக்குப்பிடி இல்லாத எதிர்ப்பாடு. பிழை என்று குறிக்க வேண்டாம்; ஆறில் ஒன்று தேவை என்று மேலே சொன்னதைச் சேர்த்துவிடுகிறேன்.

நாட்டம் – ஆட்டக்காரர் மேசையில் விரும்புவது: சண்டை, புதிர், பேச்சு, ஊர் சுற்றல். பாத்திரத்தின் இலக்கிலிருந்து வேறானது.

'எதிர்வினைப் பகடை' பற்றி, அந்த 2 முதல் 12 வரையிலான மனநிலை அட்டவணைக்காக, தனி இழை தொடங்குகிறேன்.