கோர்னரில மட்டும் கோல் வாங்கிற வியாதிக்கு என்ன மருந்து?

வலிகாமத்தான்:
வணக்கம் எல்லாருக்கும். எங்கட ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு இப்ப நான்தான் கோச் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன், உண்மையில முந்தி விளையாடின ஆள், அவ்வளவுதான். போன ஞாயிறு நொக்அவுட் மட்ச், முழு நேரமும் பந்து எங்கட காலிலதான் கிடந்தது ஆனா 2-1 எண்டு தோத்துப்போய் வந்திட்டம். வாங்கின ரெண்டு கோலும் கோர்னர். முதலாவது, முன் போஸ்டடியில ஒருத்தன் தலையால பின்னுக்குத் தட்டி விட, பின் போஸ்டில தனிய நிண்டவன் நெஞ்சால தள்ளி உள்ள விட்டான். ரெண்டாவதுக்கு எங்கட கீப்பர் குத்த வெளியால வந்தவன், ரெண்டு பேர் முன்னால மறிச்சு நிண்டதில ஆள் எழும்பவே இல்லை. ஆளுக்கு ஆள் மார்க் பண்ணச் சொல்லித்தான் விட்டனான், எங்கட பெடியள் கட்டை, அங்கால ஆறடியில நாலு பேர். எங்களுக்கும் 9 கோர்னர் கிடைச்சது, பாதி நேரா அவங்கட கீப்பரின்ர கையில. சோன் மார்க்கிங்குக்கு (ஆளை விட்டிட்டு ஆளுக்கொரு இடத்தைக் காக்கிறது) மாறுறதோ, இல்லை உயரமான பெடியள் தேடுறதோ?

பழைய பக்:
தம்பி உயரத்தில பழியைப் போடாதையும். 98 உலகக்கிண்ண இறுதியாட்டத்தில பிரான்சின்ர சிடான் அடிச்ச ரெண்டு கோலும் கோர்னரில வந்த தலையடி, அந்தாள் தலையடிக்குப் பேர் போன ஆளே இல்லை. விசயம் என்னெண்டால் அடிக்க வாறவன் பத்து அடி ஓடி வந்து எழும்புறான், மார்க் பண்ணுறவன் நிண்ட இடத்தில நிண்டு எழும்புறான், அதோட அவன்ர கண் ஆளில, பந்தில இல்லை. ஆறடி ஆளை வைச்சாலும் உதுதான் நடக்கும்.

முழு சோனும் வேண்டாம், கலந்து செய்யும். முன் போஸ்டுக்கு கொஞ்சம் முன்னால ஒருத்தன், கோலுக்கு முன்னால இருக்கிற 5.5 மீட்டர் கோட்டில மூண்டு பேர், இந்த நாலு பேரும் ஆளைப் பாக்கக் கூடாது, பந்தை மட்டும். அவங்கட நல்ல தலையடிக்காரர் மூண்டு பேருக்கு மூண்டு பெடியள், கட்டையன் எண்டாலும் பரவாயில்லை, ஏனெண்டா அவன்ர வேலை பந்தை வெல்லுறது இல்லை, ஓடி வாற வழியில நிண்டு வேகத்தைக் கெடுக்கிறது. பிடிச்சு இழுத்தா பெனால்ட்டி, அதைச் சொல்லிப்போடும். பெனால்ட்டிப் பெட்டி வாசலில ரெண்டு பேர், முன்னுக்கு ஒருத்தன், கீப்பரோட 11 சரி. உம்மட முதல் கோல் இருக்கே, அது அப்பிடியே 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி, மன்செஸ்டர் யுனைட்டட் பயர்ன் மியூனிக்கை வெண்ட ஆட்டம். பெக்கம் அடிக்க, ஷெரிங்கம் தலையால தட்ட, பின் போஸ்டில சோல்ஸ்கியார். அதுக்கு முதல் வந்த கோலும் கோர்னர்தான், பயர்ன் காரர் வடிவா வெளியேத்தாமல் விட்டதில கிக்ஸ் திருப்பி அடிச்சு, ஷெரிங்கம் கிட்ட நிண்டு தட்டி விட்டது. பெட்டி வாசலில ரெண்டு பேர் ஏன் எண்டு இப்ப விளங்கும்.

பயிற்சிக்கு அந்த நாலு பேரும் நிக்கிற இடத்தில பழைய ரயர் நாலு போட்டு விடும். ரயருக்குள்ள ஒரு கால், மற்றக் கால் பின்னால, உடம்பு கொஞ்சம் சரிச்சு. நேரா நிண்டால் எழும்ப ஏலாது.

கையுறை:
அண்ணை நான் கீப்பர், என்ர பக்கத்தையும் கேளுங்கோ. முன்னால வந்து நிக்கிறது பிழை இல்லை, முதலே நிண்ட இடம் அவனுக்குச் சொந்தம். ஆனா பந்து வரேக்க உங்கட வழிக்குள்ள நகர்ந்து வந்து மறிச்சால் ஃபவுல், முட்டினால் நேரடி ஃப்ரீ கிக். ரெபரியிட்ட கோல் விழுந்த பிறகு போய்க் கத்தி பிரயோசனம் இல்லை, முதல் கோர்னரிலேயே கப்டன் போய் மரியாதையாச் சொல்லி வைக்கோணும். மற்றது, கீப்பருக்கெண்டு ஒரு தடியனை பக்கத்தில நிப்பாட்டுங்கோ, மறிக்கிறவனை அவன் பாத்துக்கொள்ளுவான். வெளியால வாறதெண்டா கத்திக்கொண்டு வரோணும், பாதி தூரம் வந்து யோசிச்சால் முடிஞ்சுது கதை.

இன்னொரு வில்லங்கம், 2025 இல இருந்து கீப்பர் பந்தை 8 செக்கனுக்கு மேல கையில வைச்சிருந்தால் அவங்களுக்கு கோர்னர். முந்தி 6 செக்கன், மறைமுக ஃப்ரீ கிக், அதை ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. இப்ப ரெபரி கடைசி 5 செக்கனை கையை உயர்த்தி எண்ணுறார். உங்கட வியாதிக்கு நீங்களே கோர்னர் குடுக்காதேங்கோ 😄

ஸ்காபரோ மச்சான்:
தடுக்கிறதைப் பற்றியே கதைக்கிறியள், அவற்ற 9 கோர்னரும் வீணாப் போனதை ஒருத்தரும் கேக்கேல்லை. வலிகாமத்தான், உங்கட கிரவுண்ட் எந்தப் பக்கம் பாத்துக் கிடக்கு?

வலிகாமத்தான்:
வடக்குத் தெற்கு. ரெண்டாம் பாதி வடக்குக் கோலுக்கு அடிச்சனாங்கள், இப்ப சோளகம் (தென்மேற்குக் காத்து) பேய்க்காத்து.

ஸ்காபரோ மச்சான்:
அதைத்தான் நினைச்சன். மேற்கு மூலையில வலக்காலால உள்வளைச்சு முன் போஸ்டுக்கு அடிச்சால் சோளகமே பந்தை உள்ளுக்குத் தள்ளும், ஒருத்தரிலயும் படாமப் போனாலும் கோல்தான், கோர்னரில நேரா அடிக்கலாம். கீப்பரின்ர கைக்குப் போனதெண்டால் காத்து இல்லாத மாதிரி அடிச்சிருக்கிறான், ஒரு மீட்டர் வெளியால குறி வைக்கச் சொல்லுங்கோ. கிழக்கு மூலையில உயர்த்தவே வேண்டாம், பந்து அந்தரத்தில நிண்டு கோட்டுக்கு வெளியால போகும். அங்க கட்டைக் கோர்னர், பக்கத்தில நிக்கிற எங்கட ஆளுக்கு உருட்டிக் குடுக்கிறது. அவங்கள் 9.15 மீட்டர் தள்ளி நிக்கோணும், ஒருத்தன்தான் வாறான் எண்டால் நீங்கள் ரெண்டு பேர்.

கவனம், கோர்னர் அடிக்கேக்க ஓஃப்சைட் (பந்தையும் கடைசிக்கு முதல் தடுப்பாளையும் தாண்டி கோலுக்குக் கிட்ட நிக்கிறது) இல்லை, ஆனா அடிச்சவனுக்கே திருப்பிக் குடுக்கேக்க இருக்கு. அவன் கோட்டடியிலயே நிண்டுகொண்டு வாங்கினால் கொடி எழும்பும், அடிச்ச உடன பந்துக்குப் பின்னால ஓடி வரோணும். எங்கட காலத்தில இதில எத்தினை கோர்னரை நாசமாக்கினனாங்கள். மற்றது நடுக்கோட்டடியில ரெண்டு பேரை விட்டிட்டுப் போங்கோ, எல்லாரும் பெட்டிக்குள்ள போனால் திரும்பி ஓடுறதுதான் வேலை.

பழைய பக்:
மச்சான் சொல்லுறது சரி. அந்த ஓஃப்சைட்டை நாங்களும் பாவிக்கலாம். போஸ்டில எங்கட ஆளை நிப்பாட்டினால், வெளியால போய்த் திரும்பி வாற ரெண்டாம் பந்துக்கு அவங்கள் எல்லாரும் ஓன்சைட், அதாலதான் நான் போஸ்டில ஆள் சொல்லேல்லை. பந்து வெளியால போன உடன முழு வரிசையும் கத்திக்கொண்டு முன்னுக்கு வரோணும். உந்த விசயத்தில சில பேர் என்னோட ஒத்துக்கொள்ள மாட்டினம், கோட்டில நிண்டவன் காப்பாத்தின கோலும் கனக்க இருக்கு.

வலிகாமத்தான்:
எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் செய்து பாத்தம். ரயர் மூண்டுதான் கிடைச்சுது, நாலாவதுக்கு கீப்பரின்ர தம்பியின்ர சைக்கிள் ரியூப். இருபது கோர்னர் அடிச்சதில மூண்டுதான் உள்ள போச்சு, அதில ஒண்டு எங்கட பெடியனே தலையால உள்ளுக்கு விட்டது. சனிக்கிழமை மட்ச், முடிஞ்சு வந்து எழுதுறன்.