டிராக்கில் நாலைந்து ரவுண்டுக்குப் பிறகு பிரேக் பெடல் இறங்குகிறது: மாஸ்டர் சிலிண்டர் மாற்ற வேண்டுமா?

கேள்வி – கொழிஞ்சாம்பாறை

வணக்கம். வண்டி போலோ 1.0 டிஎஸ்ஐ, 6 கியர் மேனுவல், கேரளா ரெஜிஸ்ட்ரேஷன். எஞ்சினில் எதையும் தொடவில்லை, கம்பெனி கொடுத்த 110 பிஎஸ் அப்படியே இருக்கிறது. சமீபத்தில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டேக்கு எடுத்துப் போனேன். முதல் இரண்டு மூன்று ரவுண்டு பிரேக் அருமையாகப் பிடித்தது. நாலைந்து தாண்டியதும் பெடல் தளர்ந்து பாதிக்கு மேல் உள்ளே போகிறது. விட்டு விட்டு மிதித்தால்தான் கொஞ்சம் பிடிக்கிறது. ஓரமாக அரை மணி நேரம் நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுகிறது. வேலந்தாவளம் வழியாக வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு குறையும் தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுக்கும் பாகம்) போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பேட் பாதிக்கு மேல் இருக்கிறது. பிரேக் ஆயில் மாற்றியதாக எந்த சர்வீஸ் பில்லிலும் இல்லை. வண்டி வாங்கி நாலு வருடம் ஆகிறது. ஸ்டேஜ் 1 ரிமாப்புக்கு (எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவர் கூட்டுவது) என்று பணம் எடுத்து வைத்திருக்கிறேன். அதை இதற்குத் திருப்பலாமா? அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

பதில் – பொள்ளாச்சி

ரிமாப்பை இப்போதைக்கு மறந்துவிடுங்க தம்பி. நிற்காத வண்டிக்கு வேகம் எதற்கு? பிரேக் ஆயிலை முதலில் பாருங்க.

பதில் – சூலூர்

பொள்ளாச்சி அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் வாதாட முடியும்.

முதலில் மாஸ்டர் சிலிண்டரைச் சோதியுங்கள். வண்டி ஆறிய பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பெடலை ஓரளவு அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெதுமெதுவாகக் கீழே இறங்கினால் உள்ளே சீல் கசிகிறது, அல்லது வெளியே எங்கோ ஒழுகுகிறது. இறங்காமல் நின்றால் மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகம் பெரிதாக வேண்டாம். சீல் கெட்டால் ஆறியிருக்கும்போதும் தொந்தரவு கொடுக்கும். உங்களுக்குச் சூட்டில் மட்டும்தான் வருகிறது, ஆறினால் போகிறது. இது பிரேக் ஆயில் கொதிப்பதன் அடையாளம்.

டிராக்கில் எவ்வளவு சூடு வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளோடு சேர்த்து வண்டி 1150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 130 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு ஒரு முறை குறைத்தால் கிட்டத்தட்ட 590 கிலோஜூல் வெப்பம் வரும். அறை வெப்பத்தில் இருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு அது. பெரும்பகுதி முன் டிஸ்க் இரண்டிலும்தான் இறங்கும். கரி டிராக் மொத்தமே சுமார் 2.1 கிலோமீட்டர். அடுத்த வளைவு வருவதற்குள் டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. சூடு பேட் வழியாக, அதை டிஸ்க்கில் அழுத்தும் காலிபருக்கும், அங்கிருந்து ஆயிலுக்கும் போகும்.

பிரேக் ஆயில் தண்ணீரை இழுக்கும் குணம் கொண்டது. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்ட நிலையில் அந்த அளவு 155 தான். டாட் 5.1-க்கு 260, 180. ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் வரும். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். நீங்கள் மிதிப்பது குமிழை நசுக்குவதிலேயே போய்விடுகிறது, காலிபருக்கு அழுத்தம் போய்ச் சேருவதில்லை.

பேட் தோற்பது வேறு மாதிரி இருக்கும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது, கருகிய வாசனை அடிக்கும். உங்களுக்கு அப்படி இருந்ததா?

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. பெடலைப் பிடித்துப் பார்த்தேன், கொஞ்சமும் இறங்கவில்லை. டப்பாவில் ஆயில் கறுப்பாக இருக்கிறது. பிட்டில் (டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் இடம்) நிறுத்தியபோது கருகிய வாசனையும் இருந்தது, ஆனால் பெடல் கெட்டியாக இல்லை. ஒரு சந்தேகம்: எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை குறைவு. மூடி கெட்டியாகத்தான் இருக்கிறது. தண்ணீர் எப்படி உள்ளே போகும்?

பதில் – சூலூர்

மழை நேராக உள்ளே போக வேண்டியதில்லை தம்பி. காற்றில் இருக்கும் ஈரமே போதும். ரப்பர் ஹோஸ் வழியாகவும், டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். டிராக்குக்குப் போகிற வண்டிக்கு அதுவும் அதிகம், ஒவ்வொரு டிராக் டேக்கு முன்பும் முன் காலிபரிலாவது புது ஆயில் விட்டுப் பழசை வெளியே தள்ளிவிடுங்கள்.

சீல் உடைக்காத டப்பாதான் வாங்க வேண்டும். போன வருடம் திறந்து மிச்சம் வைத்ததை ஊற்றினால் இத்தனை வேலையும் வீண். டாட் 4-லேயே 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயில் கிடைக்கிறது, நல்லது. ஆனால் அதைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும். டாட் 5 மட்டும் வேண்டவே வேண்டாம். அது சிலிகான், மற்றதோடு சேராது. டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றால் வேறு கடை பாருங்கள்.

ஏர் எடுக்கும்போது எந்தச் சக்கரம் முதலில் என்பதை மேனுவலில் உள்ளபடி செய்யச் சொல்லுங்கள். டப்பாவில் ஆயில் மட்டம் கீழே போகவே கூடாது. ஒரு முறை காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் போனால் ஸ்கேனர் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வாசனை வந்தது என்றால் பேட்டும் எல்லையைத் தொட்டிருக்கிறது. ரோடு, டிராக் இரண்டுக்கும் பொதுவான பேட் போடுங்கள்.

பதில் – ஒசூர்

பொதுவான பேட் எதற்கு, நேராக ரேஸ் பேட் போட்டுவிடலாமே? என் வண்டியில் அதுதான். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நாள் முழுக்க பிடிக்கிறது.

பதில் – சூலூர்

உங்கள் வண்டி டிராக்குக்கு மட்டும் என்றால் சரி நண்பரே. இவர் தினமும் ஓட்டுகிறார். முழு ரேஸ் பேட் சூடேறினால்தான் கடிக்கும். காலையில் கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் யாராவது குறுக்கே வந்தால் முதல் மிதியில் அது கைவிட்டுவிடும். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பதில் – பாலக்காடு

பிரேக் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் பேப்பர் விஷயம் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. ஆயில், பேட் மாற்றுவது பராமரிப்பு. டௌன்பைப் (டர்போவிலிருந்து வரும் புகைக்குழாய்), சத்தமான சைலன்சர் மாற்றுவதெல்லாம் வேறு கதை, நம் பக்கம் எம்விடி (மோட்டார் வாகனத் துறை) விடமாட்டார்கள். அப்புறம், இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து ஒரு முறை படியுங்கள். ரேஸ், வேகச் சோதனைக்கு ஓட்டினால் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும். டிராக்கில் சுவரில் இடித்தால் செலவு நம்முடையது என்று நினைத்தே இறங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ரேஸ் ஆயில், புது முன் பேட் இரண்டும் போட்டு மறுபடி கரிக்குப் போய் வந்தேன். மாஸ்டர் சிலிண்டரைத் தொடவே இல்லை. பெடல் கடைசி வரை மேலேயே நின்றது! இப்போது வேறு ஒன்று: திரும்பி வரும்போது 80-ல் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா? அதே ஒர்க்‌ஷாப்பில் டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவச் சொல்கிறார்கள்.

பதில் – சூலூர்

பெடல் நின்றதில் ரொம்ப சந்தோஷம் தம்பி. லேத் இப்போது வேண்டாம். செஷன் முடிந்து பிட்டுக்கு வந்ததும் பிரேக்கை மிதித்தபடி நின்றீர்களா? சூட்டில் பேட் ஒரே இடத்தில் அழுந்தினால் பேட்டில் உள்ள பொருள் அங்கே மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும். டிஸ்க் வளைந்தது என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இதுதான்.

முதலில் வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச்சில் பாருங்கள். பிறகு ஆளில்லாத நேரத்தில் 80-லிருந்து 20 வரை நன்றாக அழுத்திக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்துக் குறையுங்கள். எட்டு பத்து முறை செய்துவிட்டு, பிரேக் தொடாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். புது பேட் போட்டதும் செய்ய வேண்டிய வேலையும் இதேதான். அப்படியும் ஆடினால் டயல் கேஜ் வைத்து, டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள், அளவு பார்த்த பிறகு சீவுவதா மாற்றுவதா என்று பேசலாம்.

அடுத்த முறை கடைசி ரவுண்டை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். பிட்டில் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பின்னால் டிரம்மும் சூடாகத்தான் இருக்கும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.