வெள்ளத்துக்குப் பின்: மனநலக் குரல்பதிவுகளுக்கு உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது தெரிந்திருக்கும். தாமிரபரணிக் கரையில் தண்ணீர் வடிந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இன்னமும் ராத்திரி எழுந்து, கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, தரை ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்.

நாலு பேர் சேர்ந்து ஜூமில் ஒரு மனநல வகுப்பு நடத்தினோம். சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் வந்தார்கள். வெள்ளத்தில் மாட்டியவர்கள் ஒருவரும் வரவில்லை. பாதிப் பேருக்கு போனே நனைந்து போச்சு, எப்படி வருவார்கள்? சரி, இரண்டு நிமிட வாட்ஸ்அப் குரல்பதிவுகளாகப் போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

அடிப்படை, உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவிக் கையேடு. பார், காது கொடுத்துக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடு. நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், நிவாரணம் கொடுக்கப் போகிறவர்களே அந்தத் தப்பைச் செய்கிறார்கள். தூக்கமின்மையும் திடுக்கிடலும் பலருக்குச் சில வாரங்களில் தானாகக் குறையும். குறையாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு மனநல மருத்துவரோ உளவியலாளரோ வேண்டும். அப்புறம், நம்ம தூத்துக்குடிப் பேச்சிலேயே பேசும் ஐம்பது தாண்டிய ஒரு பெண் குரல். ‘மன அழுத்தம்’ என்றால் பெரியம்மாவுக்குப் புரியாது, ‘நெஞ்சு படபடங்குது’ என்றால் புரியும். முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள், இன்றே எழுத்துப் பிரதியை அனுப்புகிறேன்.