பாலிஎத்திலீனிமைன் கரைசல் கலங்குகிறது: உதவி தேவை

சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பச்சை ஒளிர் புரதத்துக்கான பிளாஸ்மிடை (வட்ட வடிவ டி.என்.ஏ.) ஹெச்.இ.கே. 293 என்ற மனிதக் கருச் சிறுநீரகச் செல்களுக்குள், டி.என்.ஏ.வைக் கட்டி உள்ளே கொண்டுசெல்லும் பாலிமரான பாலிஎத்திலீனிமைன் கொண்டு செலுத்துவது என் வேலை. பாலிமர் நேர்ச்சங்கிலி வகை, மூலக்கூறு எடை 25,000. ஏப்ரல் வரை பாதிக்கு மேற்பட்ட செல்கள் ஒளிர்ந்தன. இப்போது நுண்ணோக்கியில் ஒரு பார்வைக்கு நான்கைந்துதான் தெரிகின்றன.

மே மாதம் ஏற்காட்டுப் பக்கம் இடிமழை பெய்த இரவில் ஆறு மணி நேரம் மின்சாரம் இல்லை. மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியிலிருந்த பாலிமர் கரைசல் உருகி மறுபடி உறைந்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு, அதே பொடியை 80 டிகிரி நீரில் கரைத்து, அமிலம் சேர்த்து பிஹெச் 7க்குக் கொண்டுவந்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்தேன். வடித்தபோது தெளிவாக இருந்தது. ஆறியதும் குழாயை விளக்குக்கு நேரே பிடித்தால் அரிசி கழுவிய நீர்போல லேசான கலங்கல். பழைய கரைசல் கண்ணாடிபோல இருக்கும்.

எடையில் டி.என்.ஏ. ஒரு பங்குக்குப் பாலிமர் மூன்று பங்கு சேர்ப்பேன். ஐந்தாக்கினால் செல்கள் உருண்டு தட்டிலிருந்து கழன்றுவிடுகின்றன; ஒன்றாக்கினால் ஒளியே இல்லை. சீரம் இல்லாத ஊடகத்தில் கலந்து பார்த்தேன், புதிய செல்களையும் வளர்த்தேன். பிளாஸ்மிடில் குறை தெரியவில்லை: தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.85, ஜெல்லிலும் சுத்தம். டி.என்.ஏ.வை இறுக்கிக் கட்டவேண்டிய பாலிமரே முழுதாகக் கரையவில்லை என்றுதான் நினைக்கிறேன். புதுப் பொடி வாங்க நிதி இல்லை.

கலங்கல் வராமல் இருக்க, அமிலத்தை எந்தக் கட்டத்தில், எந்த பிஹெச் வரை சேர்க்கிறீர்கள்?