பழைய கட்டடங்களைப் படம் எடுக்க: ஒரே நாள், குறைந்த செலவு, கூட ஒரு கூட்டாளி

ஜூரோங்_ஷிஃப்ட்:
திருச்சியிலிருந்து கூட்டாளி சிங்கப்பூருக்கு வருகிறான், ஈசூனில் அவன் அக்கா வீட்டில் தங்கப் போகிறான். இருவர் கையிலும் காசு அதிகம் இல்லை. என்னிடம் இருப்பது பழைய கேனான், 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் மட்டும். முழுக் கட்டடமும் அடங்க வைட் லென்ஸ் வாங்கியே ஆகவேண்டும் என்கிறார்களே, உண்மையா? சனிக்கிழமை ஒரு நாள்தான் லீவு, டிக்கெட் வாங்கி நுழையும் இடங்கள் வேண்டாம். இன்னொன்று, அவன் ஒரு தூணுக்கு அரை மணி நேரம் நிற்பான், எனக்குப் பசி தாங்காது.

தேக்கா_வாசி:
லென்ஸ் வாங்காதீர்கள் தம்பி, அந்தக் காசுக்கு நன்றாகச் சாப்பிடலாம். காலை ஏழரைக்கெல்லாம் தெலுக் ஆயர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். இங்கே விடிவதே ஏழு மணி வாக்கில், பத்து தாண்டினால் வெயில் தலைக்கு மேல் ஏறி முகப்பு வேலைப்பாடெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரை, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்த்த பிறகுதான் தண்ணீர் தள்ளிப் போனது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் கரையோரமே கட்டியதால் 1830 வாக்கில் முடிந்த நாகூர் தர்கா, 1839-42இல் எழுந்த தியான் ஹோக் கெங் கோயில் இரண்டுமே கடல் இருந்த தென்கிழக்கைப் பார்த்து நிற்கின்றன. காலை வெயில் அப்படியே முகப்பில் விழும். மாலையில் போனால் வெளிச்சம் பின்னால், முன்பக்கம் இருட்டு.

அங்கிருந்து நடந்தே சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில். 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய கோயில், கோபுரமும் கிழக்குப் பக்கம்தான். எதிர் நடைபாதையில் நின்று கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள், அடங்கவில்லையா, மேல்பாதி கீழ்பாதி என்று இரண்டு எடுத்து வீட்டில் ஒரே படமாக ஒட்டிக்கொள்ளலாம். கூட்டாளி சிற்பம் பார்க்கட்டும், நீங்கள் பக்கத்து மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.

நேர்க்கோடு:
ஒட்டுகிற வேலை எனக்குப் பிடிக்காது, நடுவில் பஸ் போனால் அரை பஸ் மிஞ்சும். தள்ளி நின்று கேமராவை அண்ணாந்து பார்க்காமல் நேராகப் பிடியுங்கள், கீழே வரும் ரோட்டை வெட்டிவிடலாம். கொஞ்சம் சாய்ந்தாலும் ஸ்னாப்சீட் செயலியில் நிமிர்த்திக்கொள்ளலாம், இலவசம்தான்.

அப்புறம், சுல்தான் பள்ளிவாசலை எப்படி விட்டீர்கள் அண்ணே? 1932இல் கட்டி முடித்தது. பசோரா ஸ்திரீட்டின் கோடியில் இருந்து எல்லோரும் எடுக்கும் படத்தை எடுத்துவிட்டு, கிட்டே போய் லென்ஸை 55 வரை ஜூம் செய்து குவிமாடத்தின் அடியைப் பாருங்கள். அந்தக் கறுப்புப் பட்டை முழுக்கக் கண்ணாடிப் பாட்டில்களின் அடிப்பாகம், ஏழைகள் கொடுத்தவை. வைட் லென்ஸில் அது வெறும் கோடாகத்தான் தெரியும்.

ஜூரோங்_ஷிஃப்ட்:
சரி, லென்ஸ் ஆசையை விட்டாச்சு. உள்ளே எடுக்க விடுவார்களா? கேமரா முக்காலி?

தேக்கா_வாசி:
வாசலில் இருப்பவரைக் கேட்டுவிட்டு எடுங்கள், சன்னதிப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்கு வெளியிலேயே நில்லுங்கள். அரைக்கால் சட்டை போடாதீர்கள் இருவரும். முக்காலி எதற்கு? கீழே கடை, மேலே வீடாக இருக்கும் கடைவீடுகளின் முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் அதை விரித்தால் ஆள் நடக்க வழி இருக்காது. தூணில் சாய்ந்துகொண்டு கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், போதும்.