ஞாயிறு காலை, குளத்தங்கரை

குழு: மயிலை வீடு

வெள்ளி, இரவு 8:12

நான்: ஞாயிறு காலை ஆறரைக்கு எங்கள் வரைகிற குழு கபாலி கோயில் குளத்தங்கரையில் கூடுகிறது. ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம். அத்தை, இந்த முறை நீங்களும் வருகிறீர்கள்.

அத்தை: நானா? எனக்குத் தெரிந்தது கோலம்தான். படம் வரைவதெல்லாம் பள்ளிக்கூடத்தோடு போயிற்று.

நான்: சிக்குக் கோலம் போடும்போது கோடு எங்கே வளைந்து எங்கே வந்து சேரும் என்று கைக்கு முன்னால் உங்கள் கண் போய்விடுகிறது இல்லையா? எங்களுக்கு அதைப் பழகவே மாதக்கணக்கில் ஆயிற்று.

அத்தை: கோலம் போடும்போது யாரும் பின்னால் நின்று பார்ப்பதில்லை.

அப்பா: தெருவே பார்க்கும் அக்கா. நாற்பது வருடமாகப் பார்க்கிறது.

சிங்கப்பூர் சித்தி: போய் வாருங்கள் அண்ணி. இங்கேயும் இப்படிக் கூடி வரைகிறார்கள். ஹாக்கர் சென்டரில், அதாவது சாப்பாட்டுக் கடைகள் ஒன்றாக இருக்கிற கூடத்தில், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே நோட்டை வைத்து வரைவார்கள். 2015-இல் உலகம் முழுவதிலும் இருந்து இவர்கள் இங்கே வந்து கூடினார்கள். அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்று பெயர்.

நான்: ஆமாம் சித்தி. சியாட்டிலில் இருந்த கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் 2007-இல் இணையத்தில் ஆரம்பித்தது. அவர்கள் கொள்கையில் எனக்குப் பிடித்தது, அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைய வேண்டும், கண்ட காட்சிக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பது. மின்கம்பி தொங்கினால் அதையும் வரைகிறோம். குப்பைத் தொட்டி இருந்தால் அதுவும் வரும்.

பெரியப்பா: நேரில் போய் வரைவது நமக்குப் புதிது இல்லை அம்மா. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த சில்பி கோயில் கோயிலாகப் போய் அங்கேயே உட்கார்ந்து வரைந்தவர். சில்பி என்ற பெயரே விகடன் ஓவியர் மாலி வைத்தது. எங்கள் அப்பா அந்தப் பக்கங்களைக் கத்தரித்துத் தைத்து வைத்திருந்தார். மூக்குத்திக் கல் வரைக்கும் தெரியும்.

நான்: பெரியப்பா, அந்தத் தொகுப்பு இன்னும் இருக்கிறதா??

பெரியப்பா: பரணில் இருக்க வேண்டும். பார்த்துச் சொல்கிறேன்.

சனி, காலை 7:40

அத்தை: சரி, வருகிறேன் என்று வைத்துக்கொள். என்ன எடுத்து வர வேண்டும்?

நான்: நிறைய வேண்டாம் அத்தை. ஒரு 2பி பென்சில், தொப்பி, தண்ணீர் பாட்டில், பழைய வேட்டித் துணி ஒரு துண்டு. மற்றது என்னிடம் இருக்கிறது. 300 ஜிஎஸ்எம் என்கிற தடித்த தாளில் உங்களுக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும். வண்ணப் பெட்டி, தூரிகை, மடக்கு முக்காலி எல்லாம் நான் கொண்டுவருகிறேன். வெயிலில் நீர்வண்ணம் பாதி பரப்புவதற்குள் காய்ந்து விளிம்பில் கோடு நின்றுவிடும். அதனால் வானத்துக்குப் பெரிய தூரிகை, நிறையத் தண்ணீர், ஒரே இழுப்பு.

நான்: அப்புறம், கோபுரத்தைக் கீழிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதல் தடவை நான் அடிநிலைச் சிற்பங்களிலேயே ஒரு மணி நேரம் இருந்துவிட்டேன். மேலே கலசத்துக்குத் தாளில் இடமில்லை. இப்போதெல்லாம் கலசத்துக்கு ஒரு கோடு, அடிக்கு ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் நடுவில் கை வைக்கிறேன். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலை நகர்த்தி அளந்தால் அகலத்துக்கு உயரம் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும்.

அத்தை: சிற்பமெல்லாம் என்னால் முடியாது. கிழக்குக் கோபுரம் ஏழு நிலை. எத்தனை பொம்மை!

நான்: காலையில் அது தெரியவே தெரியாது அத்தை! நாம் குளத்துக்கு மேற்கே உட்கார்ந்து கிழக்கே பார்க்கிறோம். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால். மேற்குக் கோபுரம், அதற்குப் பின்னால் உயரமான கிழக்குக் கோபுரம், இரண்டும் கறுத்த வடிவமாகத்தான் நிற்கும். ஓரக்கோடு பிடித்து உள்ளே ஒரே நிறம் விட்டால் போதும். முதல் நாளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நிழலை மட்டும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு 15 பாகை நகர்கிற சூரியனைத் துரத்திக்கொண்டே போனால் படத்தில் எல்லாப் பக்கமும் நிழல் விழும்.

அம்மா: பெண்பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்தால் யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா?

நான்: கடைப்படியில் உட்கார்ந்தால் கடைக்காரரிடம் கேட்டுவிடுவோம் அம்மா. பூக்காரம்மாவை வரைவதென்றால் அவரிடமும். போன தடவை ஒருவர் மாலை கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “என் தராசு எங்கே?” என்று கேட்டார். நான் விட்டுவிட்டிருந்தேன். அவர் எதிரிலேயே சேர்த்து வரைந்தேன். சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான், தங்கள் ஊர் தாளில் சரியாக வருகிறதா என்று பார்க்கிறார்கள்.

ஞாயிறு, காலை 9:05

நான்: [படம்]

நான்: கடைசியில் எல்லா நோட்டையும் தரையில் பரப்பிப் பார்ப்போம். இரண்டாம் வரிசையில் ஓரத்தில் இருப்பது அத்தையுடையது.

அப்பா: கோபுரத்தைக் காணோமே அக்கா?

அத்தை: ஓரக்கோடு மட்டும் பின்னால் இருக்கிறது, நன்றாகப் பார். எனக்குப் படித்துறைதான் பிடித்தது. ஒவ்வொரு படிக்கும் நிழல் ஒவ்வொரு அகலம். தண்ணீருக்குக் கிட்டப் போகப் போகக் குறைகிறது. தினமும் காய்கறிப் பையோடு இதைத் தாண்டிப் போகிறேன், கவனித்ததே இல்லை.

சிங்கப்பூர் சித்தி: அண்ணி!! அந்தப் படிக்கோடு ஒவ்வொன்றும் கோலக் கோடு மாதிரியே இருக்கிறது.

பெரியப்பா: தொகுப்பு கிடைத்துவிட்டது. முதல் நான்கு பக்கம் பூச்சி அரித்திருக்கிறது, மீதி நன்றாக இருக்கிறது. அடுத்த வாரம் வரும்போது தங்கச்சிக்குக் கொண்டுவருகிறேன்.

ஞாயிறு, மாலை 4:50

அம்மா: அத்தை உன்னோடு இருக்கிறாரா? வீட்டில் காணோம்.

நான்: இல்லையே அம்மா.

அத்தை: [படம்]

அத்தை: குளத்தங்கரையில்தான் இருக்கிறேன். சாயங்கால வெயில் நேராக மேற்குக் கோபுரத்தில் விழுகிறது. காலையில் கறுப்பாக நின்றதில் இத்தனை பேர் நிற்கிறார்கள்! நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன். பூக்கடையில் ஒரு அட்டை வாங்கியிருக்கிறேன். கலசத்துக்குக் கோடு போட்டாயிற்று. இரவுச் சாப்பாட்டுக்கு எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.