புது பிளெண்டர் நின்றுவிட்டது, மாம்பழ ஸ்மூத்தி பாதியில் கிடக்கிறது: அவசர உதவி

நாகலூர்க்காரி
வணக்கம். புதிதாக வாங்கிய பிளெண்டரில் இன்றுதான் முதன்முதலாக மாம்பழ ஸ்மூத்தி போட்டேன். கொஞ்சம் ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது. லேசாகக் கருகிய வாசம். இப்போது அமுக்கினால் சத்தமே இல்லை. மோட்டார் போய்விட்டதா? ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கி ஏறினால் அரை நாள் போய்விடும். வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுமா? நாளைக் காலையில் நாத்தனார் பிள்ளைகள் வருகிறார்கள், ஸ்மூத்தி தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

குகைக்காரன்
எந்த மாதிரி பிளெண்டர்? மேலே மூடி போட்ட பெரிய ஜாரா, கவிழ்த்து வைத்துத் திருகுகிற சின்ன கப்பா? எத்தனை வாட்? உள்ளே என்ன போட்டீர்கள்?

எஸ்டேட் வாசி
வோல்டேஜ்தான் காரணம். எங்கள் பக்கமும் சாயங்காலமானால் விளக்கு மங்கிவிடும். ஸ்டெபிலைசர் இல்லாமல் மலையில் எந்த மோட்டாரையும் ஓட்டாதீர்கள்.

அம்மாபேட்டை அம்மா
2011இல் அரசு ஆரம்பித்த விலையில்லா மிக்ஸி திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது இன்னும் ஓடுகிறது. தேங்காய், மிளகாய், மாம்பழம் எல்லாம் அதில்தான். பிளெண்டர் எதற்கு கண்ணு? சரி, வாங்கியது வாங்கியாயிற்று. வாரண்டி அட்டையைப் பத்திரமாக வை.

சுழலி
இங்கே உதவி கேட்பவர்கள் அடிப்படை விவரங்களைக்கூடத் தருவதில்லை. மாடல், வாட், அளவு எதுவும் இல்லாமல் மோட்டார் போய்விட்டதா என்றால் யாரால் சொல்ல முடியும்? பெட்டியில் கையேடு ஒன்று இருக்கும், முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள். இன்னொன்று, ஏற்காடு 1500 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு, மோட்டார் சரியாக ஆறாது. இதை யாரும் யோசிப்பதே இல்லை.

நாலு ரோடு ஒர்க்‌ஷாப்
சுழலி சார், உயரத்தால் குளிர்ச்சி குறைவது உண்மை. அங்கே தண்ணீர் 95 டிகிரி சுமாரிலேயே கொதிக்கும், பருப்பு வேக நேரமாகும், அதுவும் உண்மை. ஆனால் ஒரு கப் ஸ்மூத்தி அடிப்பதற்குள் மோட்டார் நிற்க அது காரணமாகாது. வோல்டேஜ் குறைந்தாலும் இந்த வகை மோட்டார் மெதுவாகச் சுற்றும், இப்படி ஊமையாகாது. தங்கச்சி, குகைக்காரர் கேட்ட விவரத்தை எழுதுங்கள். ப்ளக்கைக் கழற்றி வையுங்கள். புகையோ தீப்பொறியோ வந்ததா என்பதையும் சொல்லுங்கள்.

நாகலூர்க்காரி
கவிழ்த்துத் திருகுகிற சின்ன கப்தான். அடியில் 400 வாட் என்று இருக்கிறது. புகை வரவில்லை. மல்கோவாவை நறுக்கி ராத்திரி முழுக்க ஃபிரீசரில் வைத்திருந்தேன். யூடியூபில் சொன்ன மாதிரி முதலில் கெட்டித் தயிரும் தேனும் போட்டு, அதன்மேல் மாம்பழத் துண்டுகளை விளிம்புவரை அழுத்தி நிரப்பினேன். நீர்த்துப் போகக் கூடாதென்று பால் ஊற்றவில்லை. ஒரே மூச்சாக ஓட்டினேன். ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன.

மாந்தோப்பு
மல்கோவாவையா உறைய வைத்தீர்கள்? நாரே இல்லாத பழம். நறுக்கித் தட்டில் வைத்துச் சாப்பிடுவதற்கென்றே இருக்கிறது. அரைக்க வேண்டுமென்றால் கிளிமூக்கு வாங்குங்கள். கிருஷ்ணகிரியில் கூழ் எடுக்கிற ஆலைகளுக்கு அதிகமாகப் போவது அதுதான்.

நாலு ரோடு ஒர்க்‌ஷாப்
இப்போது விளங்குகிறது. அந்த வீடியோவில் இருப்பது பெரிய ஜாராக இருக்கும். அதில் பிளேடு அடியில் கிடக்கிறது, முதலில் ஊற்றியது பிளேடோடு நிற்கும். உங்கள் கப்பைக் கவிழ்த்துவிடுகிறீர்கள், அதனால் கடைசியில் போட்டதுதான் பிளேடின் மேல் உட்காரும். பாலாக இருந்தால் எப்படியும் கீழே இறங்கிவிடும். கெட்டித் தயிர் இறங்காது. உறைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிளேடை இறுக்கிவிட்டன. பிளேடு நின்ற பிறகும் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) சூடாகும். அந்த வாசம்தான் உங்களுக்கு வந்தது. புது மோட்டாரில் அந்தச் சுருள்மேல் இருக்கும் வார்னிஷும் முதல் சூட்டில் மணக்கும்.

நம் ஊர் மிக்ஸித் தகட்டில் 30 நிமிடம் என்று போட்டிருப்பார்கள், விட்டு விட்டு ஓட்டுவதற்கான கணக்கு அது. இந்தச் சின்ன பிளெண்டர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம்தான். சூடு மீறினால் தானாக வெட்டுகிற கட்-அவுட் பலவற்றில் உண்டு, ஆறினால் தானாகச் சேர்ந்துகொள்ளும். மிக்ஸிக்கு அடியில் சிவப்பு பட்டன் இருக்குமே, அதுபோல் இதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, காலி கப்போடு இரண்டு விநாடி மட்டும் தட்டிப் பாருங்கள்.

சேர்வராயன்
மாந்தோப்பு அண்ணா, கிளிமூக்கு ஆலைக்குச் சரி, அங்கே சர்க்கரை சேர்த்துக்கொள்வார்கள். வீட்டில் சர்க்கரை இல்லாமல் அடிக்க செந்தூராதான் நல்லது. புளிப்பும் இருக்கும், நிறமும் வரும்.

மாந்தோப்பு
செந்தூரா சீசன் ஆரம்பத்திலேயே வந்து போய்விடும் தம்பி. மல்கோவா வருகிற நேரத்தில் செந்தூராவுக்கு எங்கே போவது? இமாம்பசந்தைச் சொல்லியிருந்தாலாவது ஒத்துக்கொள்வேன்.

சேர்வராயன்
இமாம்பசந்து விற்கிற விலைக்கு அதை பிளெண்டரில் போடுவதா? அதற்கு மல்கோவாவே மேல்.

நாகலூர்க்காரி
சிவப்பு பட்டன் எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலாகவே ஆறவிட்டேன், மோட்டார் பக்கம் தொட்டால் சில்லென்று இருக்கிறது. காலி கப்பைத் திருகி அமுக்கினாலும் சத்தமே இல்லை.

பிளக்பாயிண்ட்
கப் வைக்கிற பள்ளத்தில் ஓரமாகச் சின்னச் சின்ன பின் இருக்கும். கப் இல்லாமலே அதை ஸ்பூன் காம்பால் அமுக்கி ஸ்விட்சைப் போடுங்கள். ஓடினால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நான் அப்படித்தான் பார்ப்பேன்.

நாலு ரோடு ஒர்க்‌ஷாப்
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கப் பூட்டாமல் ஓடக் கூடாது என்றுதான் அந்த பின்னை வைத்திருக்கிறார்கள். திறந்த பள்ளத்தில், பிளேடைச் சுழற்றுகிற கப்ளர் சுற்றும்போது ஸ்பூன் அதில் மாட்டினால் தெறித்து முகத்துக்குத்தான் வரும். ஈரக் கையோடு எவர்சில்வர் ஸ்பூனை உள்ளே விடுவது இன்னும் மோசம். தம்பி, இப்படி எழுதினால் யாராவது செய்துவிடுவார்கள், அந்தப் பதிலை நீங்களே எடுத்துவிடுங்கள்.

சுழலி
பின்னைப் பற்றி நானே சொல்லலாம் என்றிருந்தேன். இது இன்டர்லாக் எனப்படும். கையேட்டில் படத்தோடு இருக்கும்.

அம்மாபேட்டை அம்மா
கண்ணு, அரைக்கும்போது கப்புக்கும் பிளேடுக்கும் நடுவில் கசிந்ததா?

நாகலூர்க்காரி
ஆமாம் அம்மா, மேடையில் மஞ்சளாகக் கொஞ்சம் ஒழுகியிருந்தது. துடைத்துவிட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அம்மாபேட்டை அம்மா
இருக்கிறது. பிளேடு மூடிக்குள் ஒரு ரப்பர் ரிங் இருக்கும். மிக்ஸி ஜாரிலும் அப்படித்தான், வாஷர் மடங்கினால் ஜார் சரியாக உட்காராது, ஒழுகும். முதல் தடவை கழுவும்போது ரிங் கையோடு வந்திருக்கும், திரும்பப் போடுகையில் மடங்கியிருக்கும். கழற்றி, சுத்தமாகத் துடைத்து, பள்ளத்துக்குள் சுற்றிலும் விரலால் அமுக்கி உட்கார வை. பிளேடு பத்திரம்.

நாலு ரோடு ஒர்க்‌ஷாப்
அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ரிங் மடங்கினால் பிளேடு மூடி முழுதாகத் திருகாது. கப் கொஞ்சம் தூக்கி நிற்கும், அதனால் திருகும்போது அதன் ஓரத்துக் காது பின்னை முழுசாக அமுக்காது, மோட்டாருக்குக் கரண்டே போகாது. முதலில் தொட்டும் தொடாமலும் அமுங்கி ஓடியிருக்கும். ஒழுகின மாம்பழச் சாறு அந்த பின்கள் இருக்கிற ஓட்டையிலும் இறங்கிக் காய்ந்திருக்கலாம். ப்ளக் கழற்றிய நிலையில், பிழிந்த ஈரத்துணியால் பள்ளத்தைத் துடையுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். அந்த பின்கள் ஒவ்வொன்றும் அமுங்கித் திரும்ப எழுகிறதா பாருங்கள்.

ஓடினால் இப்படி நிரப்புங்கள்: மாம்பழத்தை ஃபிரீசரிலிருந்து எடுத்து, கத்தி இறங்குகிற பதம் வரும்வரை வெளியே வையுங்கள். அதை முதலில் போடுங்கள், அப்புறம் தயிர், கடைசியில் அரை டம்ளர் பால். கப்பில் குறித்திருக்கிற கோட்டைத் தாண்ட வேண்டாம். பத்து விநாடி ஓட்டி நிறுத்தி, கப்பைக் குலுக்கி மறுபடி ஓட்டுங்கள். சூடான எதையும் இதில் போட்டு மூடாதீர்கள். ஆவி வெளியே போக வழியில்லை, திறக்கும்போது வெடித்துச் சிதறும்.

மாந்தோப்பு
மல்கோவாவை உறைய வைக்காமல் குளிர வைத்து மட்டும் அடித்தால் பிளெண்டருக்கும் நல்லது, பழத்துக்கும் நல்லது. உறைந்தால் வாசனை மட்டுப்படும்.

நாகலூர்க்காரி
ரிங் மடங்கித்தான் இருந்தது. சரியாகப் போட்டதும் ஓடுகிறது. அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் ரொம்ப நன்றி.

குகைக்காரன்
மறுநாள் பிள்ளைகள் வந்து குடித்தார்களா என்று எழுதுங்கள்.

கொண்டலாம்பட்டி
இழை பழசாகிவிட்டது, இருந்தாலும் கேட்கிறேன். என்னுடையது பெரிய ஜார். ஏற்காட்டில் வாங்கிய பட்டர் ஃப்ரூட்டும் பப்பாளியும் பாலும் போட்டேன். மோட்டார் நன்றாக ஓடுகிறது, சத்தம்கூட அதிகமாகிறது, ஆனால் மேலே இருக்கிற பழம் அசையவே இல்லை. காலையில் அடித்து வைத்தது மத்தியானம் கசக்கவும் செய்கிறது.

நாலு ரோடு ஒர்க்‌ஷாப்
பிளேடைச் சுற்றிக் காற்றுப் பை உண்டாகிவிட்டது. பிளேடு காற்றில்தான் சுற்றுகிறது, அதனால்தான் சத்தம் கூடுகிறது. பட்டர் ஃப்ரூட் வெண்ணெய் மாதிரி கெட்டியானது, தானாகச் சரியாது. நிறுத்தி, ப்ளக்கைக் கழற்றி, கரண்டியால் கிளறிவிட்டு இன்னும் கொஞ்சம் பால் ஊற்றுங்கள். வேகத்தைக் குறைவாக வைத்து ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள்.

அம்மாபேட்டை அம்மா
பப்பாளியில் இருக்கிற பபெயின் பாலின் புரதத்தை உடைத்துவிடும், நேரமாக ஆக அதுதான் கசப்பு. அன்னாசிக்கும் இதே கதைதான். பப்பாளியும் பாலும் சேர்த்தால் அடித்த உடனே குடித்துவிடு கண்ணு. எடுத்து வைக்க வேண்டுமென்றால் பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்று.